ஷிப்ட் பார்த்துப் பிள்ளை பிறக்காது

பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து, 'சிஸ்டர், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, நாங்க கத்துக்கணும்' என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். கூடவே கும்பிடுகிற கை நாலு, ரோஜாப்பூ ஒன்று. நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் முப்பது வருஷத்துக்கு மேல் அதே வார்டில்தான் குப்பை கொட்டினேன். அப்போதெல்லாம் நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், உங்களுக்கு முந்தைய செட் பெண்கள் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இப்போது எழுதிக் கேட்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

ஊசி, மருந்து, சார்ட்டில் புள்ளி வைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. தாய் முக்கிப் பிள்ளையை வெளியே தள்ளுகிற அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் பிரசவத்தில் அது ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட இழுக்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் நாம் கையுறை மாட்டுவதற்குள் முடிந்துவிடும். இது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் நாம் அடிக்கிற கூத்துதான் புத்தகத்தில் இல்லை.

'முக்கு, முக்கு, முக்கு!' நம் வார்டில் இதைக் கத்தாத ஆள் உண்டா? நர்ஸ் கத்துவாள். ட்ரெய்னி கத்துவாள். தரை துடைக்க வந்த ஆயாம்மா மாப்பைச் சுவரில் சாத்திவிட்டுத் தன் பங்குக்குக் கத்துவார். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அத்தை, சித்தி எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். தேர் வடம் இழுப்பது போல எல்லாருமாகச் சேர்ந்து பிள்ளையை இழுத்துவிடுவதாக நினைப்பு.

ஒருமுறை டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, முதல் பிரசவம். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறப்பதற்கு முன்பே நாங்கள் கத்த ஆரம்பித்துவிட்டோம். அதுவே தப்பு, அதற்குத் தலைவி நான்தான். அவளும் பாவம், சொன்னதைக் கேட்கிற பெண், மூச்சைப் பிடித்து முகத்தால் முக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் டிராபிக் போலீஸ் மாதிரி கையைத் தூக்கினாள். "எல்லாரும் செத்த நேரம் வாய மூடுதியளா? எங்க முக்கணும்னு எனக்கே வெளங்கல. நீங்க வேற!" என்றாள்.

மூடினோம். மூடிய பிறகுதான் அவளுக்குத் தன் உடம்பு சொல்வது காதில் விழுந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அவளுடைய இரண்டு கண்ணிலும் வெள்ளை முழுக்க ரத்தம் கட்டிச் சிவந்து போய், இரண்டு வாரம் அப்படியே இருந்ததாம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிள்ளையை விட்டுவிட்டு அவள் கண்ணைத்தான் விசாரித்தார்களாம். அந்தச் சிவப்புக்குக் காரணம் அவள் இல்லை, நாங்கள். ஆகவே கத்தாதீர்கள். இதை எத்தனை தடவை சொல்லிவிட்டேன், நான் ஓய்வு பெற்ற கடைசி நாள்கூட பிரிவு உபசாரக் கேக்கை வெட்டும்போது உள்ளேயிருந்து 'முக்கு முக்கு' என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை. வேறொருத்தியைப் பற்றி. அதற்கு முன்னால் என்னுடைய ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

டவுன்ஷிப் கேட்டைத் தாண்டி இருக்கிற நம் சின்ன ஆஸ்பத்திரிக்கு யார் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றுக் கிராமத்துக்காரர்கள், நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற குடும்பங்கள், எப்போதாவது பர்மனென்ட் ஆட்கள். யாராக இருந்தாலும் படியேறியதும் கேட்கிற முதல் கேள்வி, 'எப்ப ஆவும் சிஸ்டர்?' டாக்டரம்மாவிடம் கேட்டால் 'அதெல்லாம் சொல்ல முடியாது' என்று போய்விடுவார். என்னிடம் கேட்டால் சொல்வேன். அதுவும் ஷிப்ட் கணக்கில் சொல்வேன். 'ஃபர்ஸ்ட் ஷிப்ட் விடறதுக்குள்ள ஆயிடும்.' 'செகண்ட் ஷிப்ட் பஸ் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.' இந்த ஊரில் பெண் பார்க்க வருவதிலிருந்து பால் காய்ச்சுவது வரை ஷிப்ட்டை வைத்துத்தானே பேச்சு. புருஷன் வேலைக்குப் போவதா, லீவு சொல்வதா என்று அவர்கள் முடிவு பண்ண வேண்டாமா, அதற்காகத்தான் சொல்கிறேன் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். உண்மை அது இல்லை. பெரும்பாலும் சரியாக இருக்கும். 'நம்ம சிஸ்டர் சொன்னா சொன்னதுதான்' என்பார்கள். அதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தக் கணக்குக்கு எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்தான். 'எத்தனையாவது பிரசவம்?' அதை வாசலிலேயே, கூட வந்த அத்தனை பேர் முன்னாலும், ரேஷன் கடையில் கார்டு நம்பர் கேட்கிற மாதிரி கேட்பேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். காலை ஒன்பதரை மணிக்கு ஒரு பெண் வலியோடு வந்தாள். அவள் உண்மைப் பெயர் வேண்டாம், சுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட இரண்டு பேர். ஒருவர் அவளுடைய அம்மா, பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கொட்டை எண்ணெய் பட்டு இரண்டு உள்ளங்கையும் கறுத்துப் போயிருந்தது. இன்னொருவர் மாமியார், சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பம், நல்ல கட்டான உடம்பு, கணீர்க் குரல். சுமதியின் புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட். அன்றைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், விடியற்காலையே போய்விட்டான்.

"எத்தனையாவது?" என்றேன்.

"மொதப் பேறுதாங்க" என்றார் மாமியார். சுகாதார நிலையத்து அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. சுமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். வலி வந்த பெண்ணும் பெற்ற தாயும் அப்படி நிற்பது வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன்.

உள்ளே கூட்டிப் போய்ப் பார்த்தேன். பாதி திறந்திருந்தது. அங்கே பழைய தையல் தழும்பு ஒன்று, மெல்லிய வெள்ளைக் கோடாக, என் கண்ணில் பட்டது. விரலிலும் பட்டது. பட்டது என்று இன்றைக்குச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? சின்ன வயதில் எங்காவது விழுந்து அடிபட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கையுறையைக் கழற்றிப் போட்டேன். ஏனென்றால் பேப்பரில் பிரைமி என்று எழுதியிருந்தது. முதல் பிரசவக்காரிக்குத் தழும்பு எங்கிருந்து வரும்? இருபது வருஷ சர்வீஸ், கண் ஒன்று சொல்கிறது, காகிதம் ஒன்று சொல்கிறது, நான் காகிதத்தை நம்பினேன். என்னை என்ன செய்தால் தகும், சொல்லுங்கள்.

வெளியே வந்தேன். மாமியார் போனில் மகன். ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். "சிஸ்டர், நான் சொல்லிட்டுக் கெளம்பி வந்துடட்டுங்களா?" என்றான் அவன். "அவசரமே இல்லப்பா. முதல் பிரசவம். ஷிப்ட் முடிச்சு, குளிச்சு, சாப்பிட்டுட்டு வா. அதுக்கு முன்னால ஒண்ணும் ஆகாது" என்று வராந்தா முழுக்கக் கேட்கச் சொன்னேன். மாமியார் பெஞ்சில் இருந்த மற்றவர்களிடம் "சிஸ்டர் கரெக்டா சொல்லுவாங்களாம்" என்று பெருமையாகச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுமதியின் அம்மா என் மேஜைப் பக்கம் வந்தார். பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "செத்த கிட்டவே இருங்க நர்சம்மா. அவளுக்குச் சீக்கிரமா ஆயிடும்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வூட்ல எல்லாருக்கும் அப்பிடித்தாங்க."

"தலைப்பிரசவம்னா அம்மாக்கள் எல்லாரும் இப்படித்தான் பறப்பீங்க. போய் உக்காந்து ரெண்டு இட்லி சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டேன். அந்த அம்மாவால் அதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்? கறுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனார்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. சுமதி கூப்பிட்டாள். "சிஸ்டர், பாத்ரூம் போவணும்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் தலை இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே பார்க்க வேண்டும் என்று முதல் வருஷப் பாடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். நான் செய்யவில்லை. "முதல் பிரசவத்துல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். இப்பதான பார்த்தேன். இப்பவே முக்கி வீங்க வச்சுக்காதே" என்றேன்.

"இல்ல சிஸ்டர், வருது. எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? எத்தனை பெத்திருக்கே நீ?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று நான் பக்கத்து அறையில் ரிஜிஸ்டர் எழுதப் போனேன். நான் பேசிய பேச்சுகளில் திரும்ப வாங்க முடிந்தால் எதை வாங்குவாய் என்று கேட்டால், அந்த ஒரு கேள்வியைத்தான் சொல்வேன்.

பனிக்குடம் உடைந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு ஓடி வந்தேன். சுமதி கட்டிலை விட்டு இறங்கி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை அகட்டி நின்றுகொண்டிருந்தாள். தலை வந்துவிட்டது. டாக்டரம்மா கீழே ஓ.பி.யில். ஒரு கையில் மட்டும் கையுறை ஏறியது, மறு கைக்கு நேரமில்லை. அப்படியே தரையில் மண்டியிட்டேன். கொடி கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று.

"நிறுத்து! முக்காதே!" என்றேன். அவள் நிறுத்தினாள். அந்த நேரத்தில், அந்த அவஸ்தையில், நிறுத்து என்றால் எத்தனை பேரால் நிறுத்த முடியும்? வாயைத் திறந்து நாய்க்குட்டி மாதிரி இரைத்துக்கொண்டு, உடம்பு முழுக்க நடுங்க, எனக்காகக் காத்திருந்தாள். கொடியை ஒவ்வொரு சுற்றாகத் தலை வழியாக எடுத்துவிட்டேன். "இப்ப" என்றேன். ஒரே முக்கு. பிள்ளை என் மடியில் வந்து விழுந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அந்தத் தரையில்தான் தெரிந்தது.

ஆண் பிள்ளை. அழவில்லை. நீலம் பாய்ந்து துணி மாதிரி துவண்டு கிடந்தான். முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைத் தட்டினேன், சளியை எடுத்தேன். கடிகாரம் பார்க்கத் தைரியம் இல்லை. 'சாப்பிட்டுட்டு வா' என்று அவன் அப்பனிடம் சொன்னேனே என்பது மட்டும் மண்டையில் ஓடியது. கடைசியில் ஒரு தும்மல், அப்புறம் பூனை மாதிரி ஒரு முனகல், அப்புறம்தான் அழுகை. அழுததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

டாக்டரம்மா வருவதற்குள் சுமதி என் கையுறை இல்லாத கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி, திருப்பூர்ல வேலைக்கி இருந்தப்ப ஒண்ணு பொறந்துச்சு, சிஸ்டர். பதினோரு நாள்தான் இருந்துச்சு. எங்க அம்மாவத் தவிர யாருக்கும் தெரியாது. வெளிய சொல்லிடாதீங்க. என்னை வூட்ல சேக்க மாட்டாங்க."

டாக்டரம்மா தையல் போடும்போது பழைய தழும்பைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காதோடு சொன்னேன். "கேஸ் ஷீட்ல சரியா எழுது. அவங்க கையில குடுக்கற சீட்டுல அது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டுவதைப் பிற்பாட்டுக்கு வைத்துக்கொண்டார்.

இனிமேல்தான் வினை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போனேன். மாமியார் வாங்கிக் கொஞ்சினார், முகத்தை மோந்து பார்த்தார். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுகூட ஆகவில்லை.

"ஏம்மா, ஷிப்ட் வுட்டு, குளிச்சி, சாப்ட்டு வரட்டும்னு நீதான சொன்ன?"

"ஆமாம்மா."

"நான் அஞ்சு பெத்தவ. மொதப் பேறு இப்பிடி ஆவாதே. கடைசி ரெண்டுதான் எனக்கே கழனியிலேர்ந்து வூடு வர்றதுக்குள்ள ஆச்சி." குரலில் கோபம் இல்லை. யோசித்துக்கொண்டே சொன்னார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். சுமதியின் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

யோசித்துப் பாருங்கள். நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், சீக்கிரம் ஆயிடுச்சு, நல்லதாப் போச்சு என்று முடிந்திருக்கும். முதல் பிரசவத்துக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று வராந்தாவில் நின்று அத்தனை பேருக்கும் அளந்து கொடுத்தவள் நான். அந்த அளவை வைத்துத்தான் இப்போது அவளை அளக்கிறார்கள். பேர் வாங்குவதற்காக நான் விட்ட வாய், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது.

ஒரே வழிதான் இருந்தது. "தப்பு என்னோடதும்மா" என்றேன். "நான் சரியாப் பார்க்கல. வந்தப்பவே முக்கால்வாசி திறந்திருந்துச்சு. பாதின்னு நினைச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ வருதுன்னு சொன்னா. அப்பவும் போய்ப் பார்க்கல."

கடைசி இரண்டு வாக்கியமும் சத்தியமான உண்மை. அதனால் முதல் பொய்யும் கூடவே போய்விட்டது. சுமதியின் அம்மாவும் சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஆமாங்க சம்பந்தி, ராவெல்லாம் அவளுக்கு வலிதான். பல்லக் கடிச்சிகினு சொல்லாமயே இருந்துட்டா."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யோசனை போய், கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்து அவ்வளவு நிம்மதி எனக்கு. "பாக்கத் தெரியலன்னா எதுக்கும்மா டைம் சொல்ற? எம்புள்ள ஓடியாந்திருப்பானே! பச்சப்புள்ளைக்கி ஒண்ணு ஆயிருந்தா?" என்று ஆரம்பித்து, டாக்டரம்மா அறை வரை போய் என் மானத்தை வாங்கினார். டாக்டரம்மாவும் அவர் எதிரிலேயே என்னைக் கிழித்தார். அதில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நிஜம்தான் அதிகம் இருக்கும். அப்புறம் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து யார் வந்தாலும், 'அந்த நர்சம்மாவா? அதுக்கு ஒண்ணும் தெரியாது, வேற ஆளக் கூப்டு' என்பார்கள். பல வருஷம் அந்தப் பேரோடுதான் வேலை பார்த்தேன். எரிச்சலாகத்தான் இருக்கும். தினம் தினம் எரிச்சலாக இருக்கும். ஆனால் மறுத்துப் பேச முடியாதே. பேசினால் அவள் அகப்படுவாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். யாருக்கும் நேரம் சொல்லாதீர்கள். எத்தனையாவது என்று மாமியாரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். எல்லாரையும் வெளியே அனுப்புங்கள், கதவைச் சாத்துங்கள், அப்புறம் கேளுங்கள். அப்போதும் அவள் சொல்லாமல் போகலாம், அது அவள் உரிமை. ஆனால் வருது என்று ஒருத்தி சொன்னால் கையுறையை மாட்டுங்கள். உனக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இதை எழுதி ஒட்டினால்கூட அதன் மேலேயே டியூட்டி சார்ட்டை ஒட்டுவீர்கள், தெரியும்.

மூன்று வருஷம் கழித்துச் சுமதி மறுபடியும் வந்தாள். அதே மாமியார். என்னைப் பார்த்ததும், "இந்தம்மா வேணாம், வேற யாராச்சும் பாக்கட்டும்" என்றார்.

"அவங்களே பாக்கட்டும் அத்த" என்றாள் சுமதி.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுடி!"

"பரவால்ல அத்த."

எல்லாரையும் வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். எனக்குப் பதில் தெரியும், ஆனாலும் முறையாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனையாவது?" என்றேன்.

அவள் சாத்திய கதவை ஒருமுறை பார்த்தாள். "மூணாவது" என்றாள். நான் எழுதுவதை எக்கிப் பார்த்தாள். எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வலி வருவதற்குள் அவசரமாக, கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள்.

"மூத்தது பொண்ணுக்கா."